அடுப்பு அணைந்திருந்த மாதங்கள்

தைப் பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கை இன்னும் வாசலில் கிடந்த வாரத்தில், அடுப்பில் சமைத்த எதையும் சாப்பிடுவதை நான் நிறுத்தினேன். வருடக்கணக்காக என்னைப் படுத்திக்கொண்டிருந்த ஒற்றைத் தலைவலிதான் காரணம். மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கை உணவு முகாம் நடந்தது. கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மேடையில் பேசியவர் ஒல்லியாக, கண்கள் பளபளவென்று இருந்தார். பால் கிடையாது, முட்டை கிடையாது, அடுப்பில் ஏற்றிய எதுவும் கிடையாது. தேங்காய், பழம், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி மட்டும் என்றார். தூங்கவைக்கிற குரல் அவருக்கு. மத்தியானம் தேங்காய்ப்பூவும் பேரீச்சம்பழமும் சேர்த்துப் பிடித்த உருண்டை கொடுத்தார்கள். அதைத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தபோது தலை லேசாக இருந்தது. போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். அவர் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில் மெஷின் பார்க்கிறார். நான் விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்குக் குழந்தை இல்லை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, ஒரு கட்டத்தில் போதும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை.

"நீ பச்சையாத் தின்னு. நான் வெளிய பாத்துக்கிடுதேன்," என்றார் அவர். "ஒனக்குத் தலைவலி போனாச் சரி."

முதல் சில வாரங்கள் நான் நடந்ததாகவே நினைவில்லை, மிதந்தேன். வெயில் எனக்குள்ளே புகுந்து வெளியே போவதுபோல இருக்கும். பஸ் ஜன்னலில் கறுப்பு நிலமும் வெடித்த பருத்தியும் மக்காச்சோளத் தட்டையும் மாறி மாறி வரும். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று சொல்லத் தெரியாது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் எங்கோ தூரத்துக் கோவிலில் இருந்து வருவதுபோலக் கேட்கும். தலைவலி வரவில்லை. அதற்காகவே எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பிறகுதான் நாக்கு கேட்க ஆரம்பித்தது. பிரியாணி, அல்வா என்று பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சோற்றுப்பானையின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தலைக் கேட்டது. டீக்கடையைத் தாண்டும்போது அந்தக் கண்ணாடிக் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டது. யோசித்துப் பார்த்தால் எனக்கு வேண்டியிருந்தது சூடுதான். விடியற்காலையில் ஒரு கனவு அடிக்கடி வரும். மழை பெய்து உழுத கரிசல் காடு. மண்ணிலிருந்து ஆவி எழும்புகிறது. வரப்பில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தால் மண் இல்லை, உளுந்தங்களி. நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, கையால் எடுத்து எடுத்துத் தின்கிறேன். காடு தீரவே இல்லை. விழித்தால் வாய் மென்றுகொண்டிருக்கும்.

ஆசையைச் சமாளிக்க நானாகச் சில வழிகள் கண்டுபிடித்திருந்தேன். பேரீச்சம்பழத்தைத் துளி உப்புத் தொட்டு நெடுநேரம் மெல்லுவேன். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் நாக்கு கொஞ்ச நேரம் ஏமாறும். ஒன்றும் பலிக்காவிட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஆனால் அடுத்த தெருவில் கடலை மிட்டாய் போடுகிற பட்டறை இருந்தது. சாயங்காலம் வெல்லப்பாகு கொதிக்கிற வாசம் மாடிவரைக்கும் வரும். ஒரு நாள் அந்த வாசத்தில் வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும்போதே வயிறு புரட்டியது. வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒரே மூச்சில் வந்தன. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

அன்றிலிருந்து குமட்டல் நிற்கவில்லை. முளைகட்டிய பயற்றின் வாசம் மூக்கில் பட்டாலே புரட்டும். இஞ்சியைத் தட்டி எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பேன், எலுமிச்சை இலையைக் கசக்கி முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வேன். முகாம்காரர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டேன். "பயப்படாதீங்க, உடம்புல உள்ள கழிவு வெளியேறுது," என்று அந்தத் தூங்கவைக்கிற குரல் பதில் அனுப்பியது. மாதவிலக்கும் தள்ளிப்போயிருந்தது. அதையும் கழிவுக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

மாசி மாதம், மிளகாய் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் காலையில் விளாத்திகுளம் பஸ்ஸில் வற்றல் மூட்டை ஏற்றியிருந்தார்கள். நெடி தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் நெற்றியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். காட்டு வேலை செய்து காய்த்துப்போன, சூடான கை. முடிந்ததும் தன் சேலைத் தலைப்பாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"எத்தன மாசம் தாயி?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, சொல்ல வேண்டாம். கண்ணு பட்டுரும்," என்றார்.

அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை. அதற்குப் பிறகு வேறு நினைப்பே இல்லை. குமட்டல், ஆசை, தள்ளிப்போன நாள், எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. மருந்துக்கடையில் ஒரு சோதனை அட்டை வாங்கினால் உடனே தெரிந்துவிடும். கடை வாசல்வரை போய்விட்டு, இருமல் மிட்டாய் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். தெரியாமல் இருப்பதே சுகமாக இருந்தது. பஸ்ஸில் தினமும் கூட வருகிறவர்கள் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்தார்கள். வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பி நிற்கும்போது அடிவயிற்றில் கையை வைத்துக்கொள்வேன். வெளியில் எல்லாமே வெண்மையாக, மெதுவாக நகர்ந்தது.

பஸ் பேச்சு ஓட்டப்பிடாரம் பக்கம் இருக்கிற என் மதினி காதுக்கு எப்படியோ போய்விட்டது. என் கணவரின் அக்கா அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கையிலும் பை தொங்க வந்து நின்றார்.

"ஏட்டி, ஊரெல்லாம் சொல்லுது, எங்கிட்டச் சொல்ல ஒனக்கு வாய் வரலியா?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் என் கன்னத்தைத் தடவி விரலைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கினார். "இன்னுமா இந்தப் பச்சத் தேங்காயத் தின்னுட்டு இருக்க? கொஞ்ச நாளைக்கு நான் இங்கனதான் இருக்கப் போறேன்."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். அக்கா கையிலிருந்த பைகளை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். சாயங்காலம் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தபோது கையில் மாங்காய் வைத்திருந்தார். கழுவி, கீற்றுப் போட்டு, தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். அவரும் அதே கனவுக்குள்தான் இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த நாள் வகுப்பில் கண் இருட்டிக்கொண்டு வந்து நாற்காலியோடு சாய்ந்தேன். தலைமை ஆசிரியை என் கணவருக்குப் போன் போட்டார். கோவில்பட்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சோதனை எல்லாம் முடிந்து, டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சாப்பிடுதீங்க?"

சொன்னேன்.

"எவ்வளவு சாப்பிடுதீங்க?"

யோசித்துப் பார்த்தபோது, குமட்டல் வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு நாலைந்து பழத்துக்குமேல் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது.

"கர்ப்பம் இல்லம்மா," என்றார் டாக்டர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உடம்புக்குத் தீனி பத்தல. அதான் நாள் தள்ளியிருக்கு, கொமட்டலும் அதனாலதான். ரத்தமும் ரொம்பக் கொறஞ்சிருக்கு. பழம் காய் சாப்பிடுங்க, யாரு வேண்டாம்னா? சோறும் பருப்பும் சாப்பிடணும்."

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே என் கணவர் அதில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

"நானும் நெனச்சுட்டேன்," என்றார்.

"தெரியும்."

"பேரு கூட யோசிச்சேன்."

"என்ன பேரு?"

சொன்னார். ஒரு பெண்பிள்ளையின் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். எத்தனையோ வருடமாகப் பூட்டி வைத்திருந்த பேச்சு அன்றைக்குத் திறந்தது. மதுரையில் கடைசித் தடவை ஊசி போட்டுக்கொண்டு வந்த நாள், பஸ்ஸில் அவர் என் கையைப் பிடிக்காமல் வந்தது எனக்கு இத்தனை நாளும் உள்ளே இருந்தது. கேட்டேன். "பிடிச்சிருந்தா அழுதிருப்பேன்," என்றார்.

வீட்டுக்குப் போனபோது மதினி அடுப்பைப் பற்றவைத்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, பருப்புத் துவையலை ஓரத்தில் வைத்துக் கொண்டுவந்தார்.

"சரிட்டி. அது இல்லாட்டாப் போவுது, நீ இருக்கல்ல எங்களுக்கு. குடி."

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். சூடு உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ஏறியது. முதல் வாயைத் தொண்டை வாங்க மறுத்தது. இரண்டாவதை வாங்கிக்கொண்டது. மதினி கிண்ணம் காலியாகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

குமட்டல் விட ஒரு மாதம் போல ஆனது. தலைவலி திரும்பி வந்தது, முன்னளவுக்கு இல்லை. பசியோடு இருந்தால்தான் வருகிறது என்று நானே கண்டுகொண்டேன். இப்போதும் காலையில் பழமும் தேங்காயும்தான். மத்தியானம் சோறு. சாயங்காலம் அவர் அச்சகத்திலிருந்து வந்ததும் இருவருக்கும் டீ போடுகிறார். பால் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டதால் எனக்கு மட்டும் பால் விடாத டீ.

போன மார்கழியில் மதினி ஊருக்குப் போயிருந்தோம். அவருடைய காட்டில் பாசிப்பயறு காய்த்திருந்தது. மூன்று பேரும் வரப்பில் நடந்துகொண்டே பச்சைக் காயைப் பிரித்துத் தின்றோம். பனியில் நனைந்த பயறு பால்போல இனித்தது. "பச்சையாத் திங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலியே?" என்று மதினி கேட்டார். என் கணவர் தன் கையில் இருந்ததையும் என் கையில் கொட்டினார். பனி விலக விலக, காடு கொஞ்சம் கொஞ்சமாக எங்களைச் சுற்றி வெளியே வந்துகொண்டிருந்தது.