தெரியாத பாஷைக்கு நான் சொன்ன கதை

அறுபதுகளில் செஞ்சியில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் யார் என்று கேட்டால் என்னைக் கைகாட்டுவார்கள். கைகாட்டுகிறவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதுதான் எனக்கு இருந்த வசதி. கடைத்தெருவில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். என் இங்கிலீஷ் முழுக்க விரலில் இருந்தது. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம் என்கிற மாதிரி கடிதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துத் தள்ளுவேன். ஒரு வெள்ளைக்காரன் வாயைத் திறந்து பேசினால் பத்து வார்த்தையில் ஒன்று பிடிபடும். அதுவும் அவன் மெதுவாகப் பேசினால்.

இந்த லட்சணத்தில்தான் டூரிங் டாக்கீஸில் மைக் பிடித்தேன். கொட்டகை திண்டிவனம் ரோட்டில் இருந்தது. மற்ற நாளெல்லாம் தமிழ்ப் படம், கூட்டம் வராத திங்கட்கிழமை மட்டும் சாயங்கால ஆட்டத்துக்கு வெளிநாட்டுப் படம். முதலாளி எங்கிருந்தோ மலிவாகப் பழைய படப்பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு வருவார். பெரும்பாலும் பேய்ப் படம், இல்லாவிட்டால் கொலைப் படம். பாஷை புரியாமல் ஜனங்கள் பாதியில் எழுந்து போனதால், ஓடுகிற படத்துக்குத் தமிழில் கதை சொல்ல என்னைக் கூப்பிட்டார். மெஷின் ரூம் சுவரோரம் ஒரு ஸ்டூல், ஒரு மைக். அங்கே உட்கார்ந்து நான் சொல்வதுதான் கதை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்கள் மேல் எனக்குப் பைத்தியம். பாழும் வீடு, படிக்கட்டில் ஏறுகிற நிழல், கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரியாமல் தலை வாருகிற பெண் என்று பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்க்கும், இன்னும் வேண்டும் என்றிருக்கும். புரியாத இடத்தில் நானாகக் கட்டிவிடுவேன். கட்டும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பயமுறுத்துவேன். மணலில் இருக்கிறவன், பெஞ்சில் இருக்கிறவன், நாற்காலியில் இருக்கிற ரைஸ்மில்காரர் எல்லாரும் மூச்சுக்கூட விடாமல் இருப்பார்கள். அந்த அமைதி என்னால் வந்தது என்கிற கர்வம் இருக்கிறதே, அது கள்ளைவிடப் பொல்லாதது.

பெண்கள் பக்கத்தில் என் மனைவி நாலு வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூடவே பக்கத்து வீட்டு அக்கா. என் மனைவிக்கு அவர் அக்கா, எனக்குத் தங்கை முறை, என்னை அண்ணா என்பார். அவர் புருஷன் லாரி டிரைவர், மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே பையன், ஐந்து வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவன். எங்கள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பிடுவான், என்னை மாமா மாமா என்று சுற்றி வருவான்.

ஒரு திங்கட்கிழமை வந்த பெட்டியில் இருந்தது இங்கிலீஷ் படமே இல்லை. எழுத்து அதே எழுத்து, வார்த்தை வேறு. எந்த நாட்டுப் படம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேச ஆரம்பித்தார்கள், ஒரு வார்த்தை புரியவில்லை. முதலாளி என் பக்கம் குனிந்தார்.

"இன்னா சார், ஒரு மாதிரி பேசறானுங்க?"

"லண்டனுக்கு வடக்கே இப்படித்தான் பேசுவாங்க."

பொய்யனுக்கு வாய் முந்தும். அவர் தலையாட்டிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போனார். நான் மைக்கை எடுத்தேன்.

திரையில் பனி மூடிய ஒரு ஊர். அதற்கு மேலே மலை, மலை மேல் இடிந்த கோட்டை. அதைக் காட்டியதுமே மணலில் இருந்து ஒருவன் எங்கள் செஞ்சிக் கோட்டை மலையை நினைத்து "நம்ப ராஜகிரிடா டேய்" என்றான், கொட்டகையே சிரித்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கோட்டைப் பக்கமிருந்து நெட்டையாக ஒருத்தன், கறுப்புக் கோட்டு, கையில் தோல்பை, இறங்கி வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறான். சில கதவுகளில் சுண்ணாம்பால் குறி போட்டிருக்கிறது. உள்ளே போய்ப் பிள்ளைகளின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, எதையோ வைத்துக் கீறுகிறான். அடுத்த காட்சியில் அந்தத் தெருவில் சவப்பெட்டி வண்டி போகிறது.

எனக்கு வேறு என்ன வேண்டும்? "இவன் டாக்டர் இல்லை" என்றேன் மைக்கில். "கோட்டையில் இருக்கிற கிழட்டு துரையோட ஆளு. பிள்ளைங்க கையைக் கீறி விஷத்தை இறக்குறான். உயிரை எடுத்து துரைக்குக் கொடுக்குறான். கதவைத் திறக்காதே தாயே." திரையில் இருந்தவள் திறந்துவிட்டாள். பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி "கட்டையில போறவன், பச்சப் புள்ளைய உடுறானா பாரு" என்று வாய்விட்டுத் திட்டினாள். கடைசியில் அவன் ஒரு குழந்தையின் கட்டிலருகே மண்டியிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அது ஏன் என்று எனக்கும் ஒரு நொடி குழப்பம்தான். விடுவேனா? "நீலிக்கண்ணீர், நம்பாதீங்க" என்று முடித்தேன்.

அந்தப் படத்துக்காக முதலாளி தமிழ்ப் படத்தைத் தூக்கிவிட்டு வாரம் முழுக்க அதையே ஓட்டினார். பக்கத்தில் இருக்கிற அனந்தபுரத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஏழு நாளும் அதே கதையைச் சொன்னேன், நாளுக்கு நாள் விஷத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைத்தெருவில் நடந்தால் பெரிய மனிதர்களே வணக்கம் வைத்தார்கள். இன்ஸ்டிடியூட்டில் புதிதாக ஐந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

அடுத்த மாதம் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் அம்மை என்று பேச்சு வந்தது. சர்க்காரிலிருந்து அம்மை குத்துகிறவர்கள், அதாவது தடுப்பு மருந்தைக் கையில் கீறி ஏற்றுகிறவர்கள், வந்து கோட்டைக்குப் போகிற வழியில் இருந்த பங்களாவில் தங்கினார்கள். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். இன்ஸ்டிடியூட் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். கோட்டைப் பக்கமிருந்து ஒரு நெட்டை மனிதர், தோல்பையோடு வெயிலில் நடந்து வந்தார். அவர் வர வர ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்டது. ஒரு வாசலில் சாக்பீஸால் ஏதோ குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தில் இருந்தது கொள்ளைநோய். அவன் டாக்டர்தான். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் கீறினான், முடியாமல்தான் அழுதான். டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பாதியில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீடும் பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் கதவிடுக்கில் சொன்னார்: "காலையில நீங்க கெளம்பினதுமே ரெண்டு பேரும் புள்ளைங்கள இட்டுக்கினு தொண்டூருக்குப் போய்ட்டாங்க சார்." தொண்டூர் என் மாமியார் ஊர். பஸ் பிடித்து, இறங்கி நடந்து, போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. மாமியார் குன்றைக் காட்டினார்.

மேலே பாறைக்கு அடியில் அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் படுக்கக் குடைந்த கற்படுக்கைகள் இருக்கின்றன. அதில் வரிசையாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளையும் அந்த ஊர்ப் பிள்ளைகளையும் படுக்க வைத்திருந்தார்கள். சத்தம் போட்டால் படத்தில் வந்த பைக்காரன் வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறார்கள். என் மகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையை மார்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். பக்கத்துப் படுக்கையில் அந்தப் பையன். இத்தனை படம் பார்த்தேனே, எதிலும் நான் அப்படிப் பயந்ததில்லை.

மனைவியைத் தனியாக ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"அந்தக் கதை நான் கட்டினது. அந்தப் பாஷை எனக்குத் தெரியாது."

"இன்னா சொல்றீங்க?"

"அவன் டாக்டராத்தான் இருக்கணும்."

"இருக்கணுமா?" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம். "ஏளு நாளும் வந்து முன்னாடி குந்தி கேட்டனே. சரி, மொதல்ல கொளந்தைக்குக் குத்திடுங்க. அந்த அக்காகிட்ட இப்பவே போய் சொல்லிடுங்க."

"சொன்னா ஊர் பூரா தெரிஞ்சிடும். இன்ஸ்டிடியூட் போச்சு, சோறு போச்சு. திங்கக்கிழமை மைக்ல எல்லாருக்கும் சேர்த்து நானே பக்குவமா சொல்லிடறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே. என் மானம் உன் கையில இருக்கு."

அவள் தலைகுனிந்துகொண்டாள். என் பேச்சைத் தட்டாதவள். அன்றைக்கு ஒரு நாள் தட்டியிருக்கக்கூடாதா என்று எனக்கு அவள் மேலேயே கோபம் வந்ததுண்டு. கொஞ்சமாவது வெட்கம் இருந்தால் எனக்கு அந்தக் கோபம் வருமா?

செஞ்சியில் குத்தினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மகளைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக முடிவு செய்தேன். குன்றிலிருந்து இறங்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"எங்கண்ணா புள்ளைய இட்டுக்கினு போறீங்க?"

"பல்லு வலிங்குது. டாக்டர்கிட்ட காட்டணும்."

"வேற எதுவும் போட உட்டுடாதீங்கண்ணா. ஜாக்கிரத."

பையன் கற்படுக்கையிலிருந்து குதித்து வந்து என் வேட்டியைப் பிடித்தான். "மாமா, நானும் பஸ்ல வரேன்." அவனுக்கு பஸ் என்றால் உயிர். அடுத்த தடவை என்றேன். திண்டிவனம் பஸ்ஸில் பாதி சீட் காலியாக இருந்தது. ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்திருந்தால் அவனும் கையை நீட்டியிருப்பான், அவன் அம்மாவுக்குத் தெரியாமலே காரியம் முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றாமல் இல்லை. குத்தின இடம் புண்ணானால் கேட்பார்களே, என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன்.

திங்கட்கிழமை வந்தது. கொட்டகையில் நிற்க இடமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்த பெண்கள் எல்லாரும் முன்னால் இருந்தார்கள். அம்மை குத்துகிறவர்கள் நாலு நாள் அலைந்துவிட்டு அன்றைக்குக் காலைதான் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். "நம்ப சார் சொல்லிதான் தப்பிச்சோம்" என்று ஒருவன் எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தான். மைக்கைக் கையில் எடுத்தேன். தொண்டை வரைக்கும் வந்தது. திரையில் ஒரு பாழும் மாளிகையின் கதவு தானாகத் திறந்தது. "இந்த வீட்டில் ஏழு கொலை நடந்திருக்கிறது" என்று ஆரம்பித்தேன்.

அடுத்த திங்கள் சொல்லலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் குத்தின புண் தெரியாமலிருக்க மகளுக்கு அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டாள்.

மூன்றாவது வாரம் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் பக்கத்து வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்றார்கள். தாளிக்கிற வாசனை வரக்கூடாது என்று எங்கள் வீட்டிலும் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் முனகுவது பகலெல்லாம் கேட்டது. தண்ணி தண்ணி என்பான், நடுவில் பைக்காரன் வரான் என்பான். என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் அந்த முனகல் நின்றுவிட்டது. அவன் அப்பாவின் லாரி நாக்பூரிலிருந்து திரும்புவதற்குள் குழியில் வைத்து மண் தள்ளியாகிவிட்டது. அம்மா எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு ஓவென்று அழக்கூடாது என்பதால் அன்று தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சாப்பிட்டுவிட்டு எழுந்திருந்தேன். என் மகள் அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் தலையைத் தடவியபடியே அக்கா சொன்னார்.

"அண்ணா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அவ குடுத்தா, அவளே எடுத்துக்கினா. அத யாரு கேக்க முடியும்? ஆனா அந்தப் பைக்காரன் கையில குடுத்து எம் புள்ளைய நானே சாவடிக்கல. அந்த ஒண்ணத்தான் நெனச்சி நெனச்சி ஆறுதல் பட்டுக்கறேன். நீங்க மட்டும் அன்னிக்கு மைக்ல சொல்லலன்னா, நான் படிக்காதவ, எனக்கு இன்னாண்ணா தெரியும், நானே அவன் கைய புடிச்சி நீட்டியிருப்பேன். நீங்க நல்லா இருக்கணும்ணா."

என் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல் என்கிற பார்வை. நானும் வாயைத் திறந்தேன்.

"எல்லாம் அவ செயல்மா" என்றேன்.