கீழ் அறைக்குக் கட்டில் வந்த கதை

வீடு மாறுபவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் லாரிக்காரர். லாரியை விற்றுவிட்டு, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் வாசல் அகலத்துக்குப் போகும், பிறகு மாடிப்படி திரும்பும் இடத்துக்கு. மனிதர்கள் அதற்கப்புறம்தான்.

"கல்யாணமாகி முதல் தடவை எங்க அம்மா வீட்டுக்கு வந்தவரு, எங்க அம்மாகிட்ட சௌக்கியமான்னு கேக்கல. இந்த பீரோவ எப்படி உள்ள கொண்டு வந்தீங்கன்னு கேட்டாரு" என்று அவர் மனைவி யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவாள்.

இத்தனை வருட வேலையில் அவர் மறக்காத பாரம் ஒரு கணக்கு வாத்தியார். பக்கவாதம் வந்து கால் விழுந்துபோன மனிதர். அவரை யார் வைத்துக்கொள்வது என்று பிள்ளைகள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்தார்கள். பிரம்பு நாற்காலியில் வாத்தியாரை உட்கார வைத்து, சாமான்களில் கீறல் விழாமல் சுற்றும் ரஜாயைப் போர்த்தி, முன்னால் லாரிக்காரரும் பின்னால் அவருடைய கூட்டாளியுமாகத் தூக்கி இறக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் வாத்தியார் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, என்னை எங்க கொண்டு போறீங்க?"

விலாசம் லாரிக்காரருக்குத் தெரியும். வாத்தியாருக்குத் தெரியாது.

என்ன பதில் சொன்னார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆனால் தன் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தார். நினைத்ததைச் செய்ய அவருக்கும் கிட்டத்தட்ட முதுமை வரைக்கும் ஆயிற்று. எல்லோரையும் போலத்தான்.

அவர்கள் குடியிருப்பது மாடியில். கீழே லாரிக் கயிறுகளும் பழைய ரஜாய்களும் போட்டு வைக்கும் அறை. மனைவிக்கு முழங்கால் மடங்க மறுக்கத் தொடங்கியதும், அந்த அறையைப் படுக்கையறையாக மாற்றிவிடலாம் என்றார். அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "கயித்து வாடைக்குள்ள நான் வந்து படுக்க மாட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

மகளும் அம்மா பக்கம்தான். "இப்ப எதுக்குப்பா அதையெல்லாம் பேசிக்கிட்டு? அப்போதைக்கு அப்போ பாத்துக்கலாம்."

"அப்போதைக்கு அப்போன்னு இருந்தவங்க வீட்டுக்குத்தாம்மா என்னை அவசரமாக் கூப்பிடுவாங்க" என்றார் அவர்.

யாரும் சம்மதிக்காமலே வேலையைத் தொடங்கினார். அறையைக் காலி செய்ய அவருடைய பழைய கூட்டாளி வந்தான். ஆமை நடை நடப்பான், அதனால் அவனுக்கு 'ஸ்பீடு' என்று பெயர். காலையில் முடியவேண்டிய வேலை மாலை வரை இழுத்தது. அதற்கு ஸ்பீடின் நடை மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு ரஜாயையும் உதறும்போது அதற்குள்ளிருந்து ஒரு வீடு விழுந்தது. நீல ரஜாய் நிலைக்கண்ணாடி பீரோக்களுக்கு. ஓரம் கருகியது, மழையில் லாரி நின்றுபோன அன்றைக்கு இருவரும் போர்த்திக்கொண்டு பீடி பிடித்தது. பள்ளி விடுமுறையில் மகள் இந்த அடுக்கின் மேல்தான் மத்தியானம் தூங்குவாள். ஏற்றுகூலி ஆட்களுக்கு மனைவி பெரிய பிளாஸ்கில் டீ கொடுத்தனுப்பிய நாட்கள். லாரி புறப்பட்டு முக்குத் திரும்பும்வரை மாடியில் நின்று பார்ப்பாள்.

"நம்ம சுமந்த சுமையெல்லாம் யார் யார் வீட்லயோ சுகமா இருக்கு. நம்ம முதுகுதான் போச்சு, அண்ணே" என்றான் ஸ்பீடு.

"உன் முதுகு எப்படிடா போகும்? பாதி வெயிட்ட எப்பவும் என் பக்கம்தானே சாய்ச்சு வெப்ப."

கொத்தனார் வந்து வாசலை அகலப்படுத்தினார். சக்கர நாற்காலி நுழைய வேண்டும். கழிவறையில் உட்கார்ந்து எழப் பிடிப்புக் கம்பி வைத்தார்கள். வெள்ளையடித்து, புதிதாக ஒற்றைக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூப்பிட்டார்.

மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். சுற்றிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். கட்டிலில் படுத்தாள்.

"ஏங்க, கட்டில் ஏன் இப்படி வாசலுக்கு நேராக் கிடக்கு?"

"தூக்குறதுக்குச் சுலபமா இருக்கும்ல. எங்கயும் திருப்ப வேண்டாம். நேரா வெளிய போயிரலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க அறைகளிலிருந்து பொருள்களை வெளியேற்றிய மனிதர், இங்கேயும் அதற்குத்தான் அளவெடுத்திருக்கிறார். உள்ளே ஒருவர் வருடக்கணக்கில் கிடந்து விழித்துக்கொண்டிருப்பார் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

மனைவி கோபப்படவில்லை. உத்தரத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "இந்தக் கட்டில் யாருக்கு?"

"எனக்குத்தான். முதுகு போனவன் நான்தானே. நான்தான் முதல்ல விழுவேன்."

"நான் எனக்குன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன். அதான் வரமாட்டேன்னேன்." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "சரி, நீங்க இங்க படுத்துட்டா நான் எங்க? மாடியில தனியாவா?"

வாசல், கம்பி, படி எல்லாம் யோசித்தவர் அதை யோசிக்கவில்லை.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கே வந்துருங்களேன்" என்றாள் மகள்.

"உன் வீட்டுல லிப்ட் பாதி நாள் ஓடாது. நீ காலையில போனா ராத்திரி வர்ற. நீ பாத்துக்க மாட்டேன்னு சொல்லலடி. உன்னால முடியாதத உன் தலையில கட்ட எனக்கு இஷ்டமில்ல." கணவரைப் பார்த்தாள். "முடியிற வரைக்கும் நான் உங்களப் பாக்கறேன், நீங்க என்னைப் பாருங்க. முடியலன்னா பகலுக்கு ஒரு பொம்பளைய ஏற்பாடு பண்ணிக்கலாம். அதுவும் பத்தலன்னா வயசானவங்க இல்லத்துல விடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா எனக்குப் புத்தி தெளிவா இருக்கும்போதே கூட்டிட்டுப் போய் அந்த இடத்தக் காட்டிரணும்."

"எனக்கும் அப்படித்தான்" என்றார் அவர்.

மகள் ஜன்னலை விட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "அடுத்த வாரம் லீவு போடறேன். ரெண்டு மூணு இடம் பாத்துட்டு வரலாம். மூணு பேரும்" என்றாள்.

ஒற்றைக் கட்டிலைக் கடைக்குத் திருப்பி அனுப்பினார்கள். மாடியிலிருந்த பழைய இரட்டைக் கட்டிலைக் கழற்றி ஸ்பீடும் அவன் மருமகனும் இறக்கினார்கள். லாரிக்காரர் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அவர் வாயால் மட்டும் தூக்கினார்.

கட்டிலை எங்கே போடுவது என்பதை மனைவி முடிவு செய்தாள். முதலில் ஜன்னலோரம். வெயில் கண்ணைக் குத்தியது. பிறகு எதிர்ச் சுவர். அங்கிருந்து தெரு தெரியவில்லை. திரும்ப ஜன்னலோரமே, ஆனால் தலைமாடு மாற்றி. அங்கே போட்டதும் வாசலில் பாதி அடைபட்டது.

"அண்ணே, இத மறுபடி வெளிய எடுக்கணும்னா கழட்டித்தான் ஆகணும், பாத்துக்குங்க" என்றான் ஸ்பீடு, வியர்வையைத் துடைத்தபடி.

லாரிக்காரர் வாசலைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். அவள் ஏற்கனவே தன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தெருவில் போகிற யாரையோ ஜன்னல் வழியாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டிக்கலாம்" என்றார்.