சுவர்ப் பெண்ணுக்கு வைத்த பொட்டு

கடந்த வாரம் ஒரு ஜப்பானியப் பெண்ணுக்காகப் பேசுவதற்கு டொரொன்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதிக்குப் போயிருந்தேன். நீல முடி, முகத்தில் பாதி கண். இருப்பிடம் — நண்பர் தவத்தின் கொத்துரொட்டிக் கடைப் பின்சுவர்.

வரைந்தவள் அனுஷா. சனி, ஞாயிறு அந்தக் கடைக் கல்லாவில் நிற்பாள்; மற்ற நாட்களில் கிராஃபிக் டிசைன் படிக்கிறாள். தவம் சம்மதித்துத்தான் சுவரைக் கொடுத்தார். ஆனால் யாரோ முறையிட, நகரசபை நோட்டீஸ் வந்துவிட்டது: கிறுக்கலை அழிக்கவும். இது சுவரோவியம்தான் என்று அதிகாரி ஒப்புக்கொண்டால் தப்பும். இல்லையென்றால் அவளுடைய முதல் சுவருக்குச் சாம்பல் பெயின்ட்.

நகரசபை வேலையில் இருந்த காலமெல்லாம் இதே நோட்டீஸை எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஆகவே தவத்துக்கு வகுப்பெடுத்தேன். உரிமையாளர் சம்மதம் வேண்டும். சுவர் முன்பைவிட அழகாக வேண்டும். முக்கியமாக... படம் சுற்றாடலோடு பொருந்த வேண்டும்.

கடைசி விஷயத்தில் எனக்குக் கவலையே இல்லை. ரயில் பெட்டிகளில் பெயர் எழுதிய அமெரிக்கப் பையன்கள் ஜப்பானியக் காமிக்ஸைப் புரட்டி, பெரிய கண்ணையும் ரோபோவின் கைகால் போன்ற கூர் எழுத்தையும் எடுத்துக்கொண்டு எவ்வளவு காலமாகிறது? இன்று டொரொன்டோச் சந்துகளில், பபிள் டீக் கோப்பையில், பியர் கேனில் — எங்கே இல்லை அந்தக் கண்? ஜப்பான்காரரே அதை அமெரிக்கக் கார்ட்டூனைப் பார்த்துத்தான் பெரிதாக்கினார்கள் என்பது வேறு கதை.

அதிகாரி வரும் நாள் காலையில் போனேன். பெண்ணின் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு பொட்டு. தவத்தின் கைவண்ணம்.

"சுற்றாடலோட பொருந்தோணும் எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்," என்றார். "இப்ப பாருங்கோ, எங்கட பிள்ளை மாதிரி இருக்கிறாள்."

அனுஷா கிட்டப் போய்ப் பொட்டைப் பார்த்தாள். கிராஃபிட்டி உலகில் ஒருவருடைய படத்தின் — அவர்கள் பாஷையில் ‘பீஸ்’ — மேல் இன்னொருவர் பெயின்ட் வைப்பதைப்போல அவமதிப்பு கிடையாது. அதற்காக அடிபிடிப்பட்டவர்கள் உண்டு.

திரும்பிச் சொன்னாள்: "அங்கிள், நீங்கள் என்ர பீஸுக்கு மேல அடிச்சிட்டீங்கள். தட்ஸ் நாட் ஓகே."

தவத்தின் முகம் விழுந்துவிட்டது. துணி எடுத்துத் துடைத்துப் பார்த்தார். காய்ந்து போயிருந்தது.

அதிகாரி வந்தார். படத்தைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். இதுவும் ஓவியர் வைத்ததுதானா என்று கேட்டார். சரியான கேள்வி, நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இல்லையென்றால் படம் ஓவியம், பொட்டு கிறுக்கல். நோட்டீஸ் அப்படியே நிற்கும்.

எல்லாரும் அனுஷாவைப் பார்த்தோம்.

அவள் ஸ்ப்ரே கேனை எடுத்து ஏணியில் ஏறினாள். கோணலாக இருந்த பொட்டை வட்டமாக்கினாள். கண்ணில் வைத்திருந்த அதே வெள்ளை மினுக்கத்தைப் பொட்டிலும் வைத்தாள். இறங்கி வந்து, "இட்ஸ் மைன்," என்றாள் அதிகாரியிடம்.

சுவர் தப்பியது.

பண்பாட்டுக் கலப்பு என்று கருத்தரங்கெல்லாம் வைக்கிறார்கள். நடப்பது என்னவோ — ஒருவர் கேட்காமல் கை வைக்கிறார்; மற்றவர் கோபத்தோடு அதைத் திருத்தித் தன்னுடையதாக்கிக்கொள்கிறார்.

இருந்தாலும் தவம், இனிமேல் கேட்டுப்போட்டு வையும்.