மூக்கில் ஏறிய சோடா

அடி அண்ணாமலையில் பௌர்ணமி அன்னதானம் என்றால் சாம்பார் கண்ணாயிரம் கையால்தான். சாமிக்குப் படைக்கும்வரை ஒரு சொட்டுகூட நாக்கில் படக்கூடாது என்பது அந்த அடுப்பின் சட்டம். ஆயிரம் பேருக்குக் கொதிக்கிற அண்டாவை மனிதர் வெறும் மூக்கால் அளப்பார். முப்பது வருஷமாகத் தப்பியதில்லை. அப்பேர்ப்பட்ட மூக்கை மாசி மாதம் வந்த காய்ச்சல் கொண்டுபோய்விட்டது, பாழாய்ப்போன காய்ச்சல்.

விஷயம் மனைவி சரோஜாவுக்கு மட்டும்தான் தெரியும். அண்டா பக்கத்தில் நின்று அவள்தான் மோந்து பார்ப்பாள். ஒரு இருமல் என்றால் பெருங்காயம் போதும். இரண்டு என்றால் இன்னும் போடு. போன பௌர்ணமியில் அவளுக்கு நிஜமாகவே சளி பிடித்துக்கொண்டது. அவள் இருமிய இருமலுக்கு இவர் அள்ளி அள்ளிப் போட்டார். பந்தியில் ஒருவர் விடாமல் முகத்தைச் சுளித்தார்கள்.

"வர்ற பௌர்ணமியோட கரண்டியக் குடுத்துடறேன், சரோ" என்றார் வீட்டுக்கு வந்து.

அந்த வாரம் தைவானில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தனா லீவில் வந்தாள். அப்பாவுக்கு மூக்கு போன கதை அவளுக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து அந்த ஊர் டின் சோடா ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"குடிச்சிப் பாருப்பா."

எச்சில் படாமல் குடித்தே பழகியவர் இவர். டின்னை உடைத்து, உயரத் தூக்கி, அண்ணாந்து ஊற்றினார். விமானம், பஸ், ஆட்டோ என்று குலுங்கி வந்த சோடா சும்மா விடுமா? பாதி வாய்க்குப் போனது, மீதி மூக்கில் ஏறியது. தும்மித் தீர்த்து, வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னாம்மா இது, தலைவலித் தைலத்தக் குடுத்துட்டியா?"

கீர்த்தனா சிரித்தாள். "அதான்பா அங்க ஃபேமஸ். நம்ம நன்னாரி மாதிரி ஒரு வேரு. தைல வாசனைதான் அடிக்கும்."

சரோஜா சிரிக்கவில்லை. டின்னை வாங்கி மோந்து பார்த்தாள். தைலமேதான்.

அன்று பூராவும் மனிதர் வீட்டையே மோந்தார். பெருங்காய டப்பா, காபித்தூள், மல்லிகைச் சரம். ஒன்றும் ஏறவில்லை. டின்னைத் திரும்ப எடுத்து மோந்தால் அதுவும் போய்விட்டது. "எல்லாம் பிரமை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் மகளும் பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பால் அடிப்பிடிக்குது பாரு, சரோ" என்றார் தலையைத் தூக்காமல்.

கீர்த்தனா உள்ளே ஓடப் பார்த்தாள். சரோஜா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பால் கெடக்குது விடுடி" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "ஏங்க, இப்ப இன்னா சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க."