ஒரு நிமிடத்துக்குள் ஆறு நிறம்

திருகும்போதெல்லாம் "கறக் கறக்" என்று பல்லை நறநறக்கும் சத்தம் வரும். அவனியாபுரத்தில் எங்கள் தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய மலிவான ரூபிக்ஸ் க்யூப் அது. என் தம்பி செல்வம் அப்போது பத்தாம் வகுப்பு, நான் பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த ஒரே தாளை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அதில் குறித்திருந்த ஆங்கில எழுத்துகளுக்கு நாங்களே பெயர் சூட்டிக்கொண்டோம். "வலதேத்து, மேல்தள்ளு, வலதிறக்கு, மேலிழு." நான் குலைத்துக் கொடுப்பேன், அவன் சேர்ப்பான், டிஜிட்டல் வாட்சில் நேரம் பார்த்து நோட்டில் எழுதுவதும் என் வேலை.

முதல் மாதம் மூன்று நிமிடத்தை விட்டு இறங்கவே இல்லை. மணிக்கட்டோடு முழுக்கையையும் திருப்பியதுதான் காரணம் என்று அவனே கண்டுபிடித்தான். மேல் அடுக்கை வலது ஆள்காட்டி விரலின் நுனியால் சுண்டிவிடப் பழகியதும் ஒன்றரை நிமிடத்துக்கு வந்தான். அடுத்து, வேகமாகத் திருகி நின்று யோசிப்பதைவிட, மெதுவாகத் திருகிக்கொண்டே அடுத்த கட்டத்தைக் கண்ணால் தேடுவது லாபம் என்று தெரிந்தது. மார்கழியில் நோட்டில் ஐம்பத்து நான்கு வினாடி ஏறியது.

"எம்புட்டு நேரம்தான்டா அதையே திருகுவ? ஸ்குரூவத் திருகுனாக்கூடப் பொழச்சுக்கலாம்" என்பார் அப்பா. அது வெறும் கேலி இல்லை. பத்தாவது முடிந்ததும் அவனை ஒரு பட்டறையில் சேர்க்கப் பேசி வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் மேலூர் சாலையில் ஒரு தனியார் பள்ளி போட்டி அறிவித்தது: ஒரு நிமிடத்துக்குள் முடிப்பவர்களுக்குக் கட்டணமில்லாமல் பிளஸ் ஒன் இடம். "ஜெயிச்சுட்டு வா, படிக்க வைக்கிறேன்" என்றார் அப்பா.

போட்டிக்கு முந்தின நாள் மாலை, அவன் முடிவெட்டப் போயிருந்தான். க்யூப் இன்னும் வழுக்கினால் ஐந்து வினாடியாவது மிச்சமாகும் என்று எனக்குத் தோன்றியது. தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை, மூலைக்கட்டையைக் கழற்றி உள்ளே விட்டேன். திரும்பி வந்தவன் நான்கு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "என்னக்கா, வெண்ணெயாட்டம் ஓடுது!" என்றான்.

"எல்லாம் ஒன் வெரல் ராசிடா" என்றேன். எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை; ஜெயித்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலிலேயே க்யூப்களை வாங்கி, குலைத்து, மேசையில் வரிசையாக வைத்துவிட்டார்கள். அவன் பெயரைக் கூப்பிட்டு விசில் ஊதியதும், கீழ் அடுக்கைத் திருப்பினான், பாதியில் நின்றது. மார்கழிக் காலையில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்துத்தான் உருக்குவோம். அது எனக்கு நினைவு வந்தபோது, அவன் இரண்டு கையாலும் க்யூப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் முப்பத்தொரு வினாடி.

திரும்பும் பஸ்ஸில் க்யூப்பைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருந்தான். அவனியாபுரத்தில் இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. க்யூப் மறுபடி ஓடியது. விரலை முகர்ந்தான். என் பின்னலைப் பார்த்தான்.

வீட்டில் அப்பாவிடம், "கை வேர்த்து வழுக்கிருச்சுப்பா" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நான் கல்லூரிக்குப் போனேன். அவன் பட்டறைக்குப் போனான். மூன்றாம் வருடம், பிரஸ் மெஷின் அவனுடைய வலது ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை எடுத்துக்கொண்டது. மருத்துவமனையில் என்னைக் கண்டதும், "எழுதுற கை தப்பிச்சுருச்சுக்கா" என்று சிரித்தான். அவனுக்கு இடதுகைப் பழக்கம். அன்றும் நான் சொல்லவில்லை.

இப்போது அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஃபேன்சி ஸ்டோர் இருந்த இடத்தில் செல்போன் கடை. நேரம் எழுதிய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது அவன் மகள், உள்ளே காந்தம் வைத்த தன் புது க்யூப்பை அவனிடம் நீட்டினாள். "அத்தை, நீங்க டைம் பாருங்க" என்று செல்போனை என்னிடம் தந்தாள்.

அவன் கைக்கு எல்லாம் நினைவிருந்தது. "வலதேத்து" வந்தது. "மேல்தள்ளு" என்ற இடத்தில் குட்டை விரல் முன்னே போய்க் காற்றைச் சுண்டியது. நின்று, நடுவிரலால் தள்ளினான். மறுபடி போனது, மறுபடி காற்று.

"என்னப்பா, இம்புட்டு ஸ்லோவா?" என்றாள் மகள்.

"மார்கழியில்ல, எறுகிப்போச்சும்மா" என்றான், என்னைப் பார்க்காமல்.

அந்தப் புது க்யூப்பில் இறுகிப்போக எதுவும் இல்லை. என் கையிலிருந்த செல்போனில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் முடித்துக் கீழே வைத்த பிறகும் ஓடின.