இரண்டு விரல் பெரிய செருப்பு

மூங்கில் லாரி வழுக்காமல் ஏறிப் போனதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. ஐப்பசி மழையில் எங்கள் ஊர் ஏற்றம் முழுக்கச் சேறு. அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் அத்தை அதே இடத்தில் சாமைக் கட்டோடு வழுக்கி உட்கார்ந்திருந்தாள். லாரியோ உறுமிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டது. சேற்றில் அதன் தடம் பட்டை பட்டையாகப் பதிந்திருந்தது. கால் வழுக்குகிறது, டயர் வழுக்கவில்லை. அப்படியானால் காலுக்கு டயரை மாட்டிவிட்டால் ஆயிற்று.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. விடுதிப் பள்ளியின் கூரை ஒழுகியதால் எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அறிவியலில் உராய்வு வரை நடத்தியிருந்தார்கள். மீதியை நானே நடத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். மாமா மூன்று வருடங்களுக்கு முன்பு அப்பாவோடு ஏதோ வாய்த்தகராறாகி, கரும்பு வெட்டப் படவேட்டுப் பக்கம் இறங்கிப் போனவர், பிறகு மலையேறவில்லை. போன தீபத்தின்போது அவரைத் திருவண்ணாமலையில் பார்த்ததாக ஊரில் ஒருவர் வந்து சொன்னார். கடைவீதியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாராம். காலில் செருப்புகூட இல்லையாம். அப்பா அதைக் கேட்காதவர் மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அத்தை இந்த வருடம் தீபத்துக்கு நடந்தே வருவதாக அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டாள். மலை இறங்கிப் போளூர், அங்கிருந்து திருவண்ணாமலை, முழுசாக இரண்டு நாள் நடை. அவளைத் தனியாக அனுப்ப முடியாமல் அப்பாவும் கிளம்பினார். அழுது அடம்பிடித்து நானும் சேர்ந்துகொண்டேன்.

அத்தைக்குச் செருப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஒரு காலில் என் ரப்பர் செருப்பு, மறுகாலில் அப்பாவின் தோல் செருப்பு என்று மாட்டிக்கொண்டு கிணற்றுக்கும் வீட்டுக்கும் பத்து நடை நடந்தேன். ரப்பர் செருப்பின் வார் கல்லில் இடறி இரண்டு தரம் பிடுங்கிக்கொண்டது. தோல் செருப்பு ஈரத்தில் ஊறிக் குதிகாலைக் கடித்தது. முடிவுகளை நோட்டில் எழுதினேன். நனைந்த செருப்பைப் பார்த்த அப்பா, "சாமி பாக்கப் போறவளுக்குச் செருப்பு எதுக்கு? வெறுங்கால்ல பொறந்தவதான அவ?" என்றார்.

நியாயமான கேள்விதான். அத்தை பிறந்ததிலிருந்து செருப்பு போட்டவள் அல்ல. அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"இருக்கட்டுண்ணா. பாப்பா ஆசையா செய்யுது, செய்யட்டும்" என்றாள்.

களத்தில் அப்போதுதான் சாணி மெழுகியிருந்தார்கள். களத்தில் செருப்போடு யாரும் கால் வைக்க மாட்டார்கள். அதனால் பாதத்தின் அளவு சுத்தமாகக் கிடைக்கும் இடமும் அதுதான். அத்தையை ஓர் ஓரமாக நிற்கச் சொன்னேன். ஈர மெழுகில் அவள் பாதம் சின்னதாக, விரல் விரலாக விழுந்தது. நான் மூங்கில் குச்சியால் அளப்பதற்குள் அவள் குனிந்து, விரல்களுக்கு முன்னால் இரண்டு விரற்கடை தள்ளி ஒரு கோடு கிழித்தாள். பக்கவாட்டிலும் கொஞ்சம் அகலம் கூட்டினாள். யோசிக்கவே இல்லை.

"இந்த அளவுக்கு வெட்டச் சொல்லு."

எதற்கென்று கேட்டேன். "தூரம் நடந்தா காலு வீங்குமில்ல" என்றாள். படிக்காத அத்தைக்கு இருந்த ஞானத்தை வியந்து, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சாலையோரம் பொறுக்கி வைத்திருந்த லாரி டயர்த் துண்டை ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குத் தூக்கிப் போனேன். செருப்பு தைப்பவர் மலைக்குக் கீழிருந்து வரும் கீழ்நாட்டுக்காரர். அளவுக் குச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"எங்க அத்தைக்கு."

"உங்க அத்தை இன்னா, பனமரமா?"

நடந்தால் கால் வீங்கும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் அந்த அளவுக்கே வெட்டிக் கொடுத்தார்.

கிளம்பிய அன்று அத்தை அந்தச் செருப்பைத் துணிப்பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சரிவு வந்ததும் போடச் சொன்னேன். அப்புறம் என்றாள். போளூர் தார்ச்சாலை வந்ததும் சொன்னேன். வெயில் ஏறட்டும் என்றாள். வெயில் ஏறியது, பை திறக்கவில்லை. அவளுடைய வெறுங்கால்கள் ஒரு தரம்கூட வழுக்கவில்லை. வழுக்கியது நான்தான். மதியத்துக்குள் என் ரப்பர் வார் அறுந்தது. சாயங்காலத்துக்குள் உள்ளங்காலில் கொப்புளம்.

"அந்தச் செருப்ப அவகிட்ட குடேன். சும்மாதான தூக்கினு வர்ற" என்றார் அப்பா.

அத்தை பையை முன்பக்கம் இழுத்துக் கையால் மூடிக்கொண்டாள். எனக்கு எதையும் இல்லையென்று சொல்லாதவள், "வாணாண்ணா, அது காலுக்குப் பெருசு" என்றாள். பிறகு முந்தானை ஓரத்தைக் கிழித்து என் காலில் கட்டி, மிச்சத் தூரத்தில் பல இடங்களில் என்னை முதுகில் சுமந்தே வந்தாள். எனக்குக் கோபம்தான். ஒரு கண்டுபிடிப்பு பயன்படாமல் பையில் தூங்குகிறது என்ற கோபம்.

தீபத்தன்று அத்தை கோயிலுக்குள் போகவில்லை. மத்தியானத்திலிருந்து கடைவீதியின் முனையிலேயே நின்றாள். வாழைத்தார், வெல்லம், அகல்விளக்கு என்று மூட்டைகள் வந்து இறங்கிய வண்ணம் இருந்தன. இருட்டும் நேரத்தில் மலையுச்சியில் ஜோதி தெரிந்தது. கூட்டம் முழுவதும் அரோகரா என்று அண்ணாந்தது. அப்பா கைகூப்பிக் கண்ணை மூடினார். அத்தை மட்டும் குனிந்தே இருந்தாள். நெரிசலில் கடந்து போகிற கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் உலகம் என்னென்ன செருப்புப் போடுகிறது என்று அத்தையும் ஆராய்கிறாள் அல்லவா? பக்கத்தில் உட்கார்ந்து நானும் எண்ணினேன். டயர் பதினொன்று, தோல் இருபத்தாறு, வெறுங்கால் எண்ணி மாளவில்லை. வெறுங்கால் எதிலாவது அவள் கண் கூடுதலாக நின்றால், அது என்ன ரகம் என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் போளூர் பேருந்தில் பை அவள் மடியில் இருந்தது. உள்ளே செருப்பில் ஒரு பொட்டு மண் இல்லை. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னும் ஒருநா இருந்து பாத்துருக்கலாம்" என்றார். யாரை என்று சொல்லவில்லை. நான் நோட்டைத் திறந்து, குலுங்குகிற எழுத்தில், அளவு பிழை என்று எழுதினேன். கால் வீங்கவில்லை, அடுத்த முறை இரண்டு விரல் குறைத்து வெட்ட வேண்டும். அதை அத்தையிடம் படித்தும் காட்டினேன்.

அவள் பையின் வாயை இறுக்கி முடிந்தாள்.

"அளவு சரிதான் பாப்பா. அத மாத்தாத" என்றாள். "அடுத்த வருசம் ரெண்டு நாள் முன்னாடியே வந்துரலாம்."

தப்பான அளவை எப்படிச் சரி என்கிறாள் என்று விளங்காமலே, எழுதியதை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: இரண்டு நாள் முன்னதாக.