மஞ்சள் கறை

தொண்ணூறுகளின் கடைசியில் பிறந்த என் மகனுக்கு, ஒரு மாதம் ஆகும் முன்பே மலத்தோடு ரத்தம் போனது. அவன் இடுப்பில் கட்ட நான் கிழித்த பழைய சுங்குடிச் சேலைத் துண்டெல்லாம் சிவந்துபோயின.

"புள்ளைக்குத் தெம்பு பத்தலத்தா" என்று பக்கத்து வீட்டு அக்கா வசம்பை உரசிக் கொடுத்தாள். நானும் நாக்கில் தடவினேன்.

ரத்தம் நிற்காததால் மதுரைக்குத் தூக்கிப்போனேன். அக்கா சொன்னதைக் கேட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "தெம்பெல்லாம் இருக்கும்மா. கிருமியை அடிக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி இவன் குடலையே அடிக்குது. அதை அடக்கணும்."

மருந்தில் அது அடங்கியது. இனி சளியும் ஆபத்து என்று, தும்மிய என்னை வெளியே நிறுத்தினார்கள். ரவிக்கை பாலில் நனைய, கண்ணாடி வழியே பார்த்து நின்றேன். ஒரு காலை நர்ஸ் கொண்டுவந்து என் கையில் கொடுத்த துணியில் ரத்தமில்லை. வெறும் மஞ்சள் கறை.

மறுவாரமே காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று.

அந்தத் துணியை நான் இன்னும் துவைக்கவில்லை.